அளந்தவர் எண் 07

படிப்பு முடித்து ஒன்றரை வருஷம் வீட்டில் சும்மா இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை, ஊர் ஊராகப் போய்ப் பிரஷர் பார்ப்பது. 2009-ஆம் வருஷம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு, எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று கணக்கெடுக்கும் ஓர் ஆய்வு. எட்டுப் பேர் இருந்தோம். படிவத்தின் மேல் மூலையில் ‘அளந்தவர் எண்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு 07. அந்தக் கட்டம் எதற்கு என்று ஐந்து வாரம் நான் யோசிக்கவே இல்லை. பெட்ரோல் காசு கணக்குப் பார்க்க என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் புள்ளிவிவரம் பார்க்கிற மேடம் வந்தார். அலுவலகம் என்று சொன்னாலும் அது ஒரு வாடகை வீடு. அடுப்படியில் பிரிட்ஜில் ரத்த மாதிரி இருக்கும், கூடத்தில் படிவங்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் எட்டுப் பட்டைப் படங்கள், ஆளுக்கொன்று. “நீங்க எழுதின மேல் பிரஷர்ல கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துப் போட்டிருக்கேன்” என்றார்.

பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும்: 120, 122, 124. உள்ளபடி படித்து எழுதினால் 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். எண் 03 அக்காவின் படத்தில் ஐந்து பட்டையும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. வேறு சிலருக்குச் சைபர் மட்டும் கோபுரம் மாதிரி நீண்டிருந்தது. 130, 120, 150 என்று முழுசாக எழுதும் கை. ஒற்றைப்படை எண் எழுதியிருந்த ஒருவரும் இருந்தார். கருவியில் இல்லாத கோட்டை எப்படிப் பார்த்தார் என்று மேடம் கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என் படத்தில் சைபரோடு எட்டும் உயர்ந்திருந்தது. மேடம் அடுத்த படத்தைத் திறந்தார். 100 முதல் 200 வரை எந்த எண்ணை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்ற படம். 138-இல் ஒரு பனைமரம். அதை ஒட்டி 140, 142-இல் வெட்டாந்தரை.

“ஏன் தம்பி, உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் பிரஷர் 138-லயே வந்து நின்னுருது?”

எனக்குப் பதில் தெரியும். 140 என்று எழுதினால் கூடுதலாக இரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். இது என் சோம்பல். இன்னொன்றும் உண்டு. சீட்டு கொடுத்தால் அந்த அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். 138 என்று எழுதினால் “நல்லாருக்கும்மா, உப்பை மட்டும் குறைச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அவர்களுக்கும் சந்தோஷம், காப்பி கிடைக்கும். ஆனால் ஒரு தடவைகூட 150-ஐக் கேட்டுவிட்டு 138 என்று எழுதியதில்லை. பாதரசம் இறங்கிக்கொண்டே வரும். 140-க்குப் பக்கத்தில் எங்கோ காதில் முதல் ‘டப்’ கேட்கும். அது 142-ஆ, 140-ஆ, 138-ஆ என்று ஒரு நொடி தயங்கும்போது கை 138 என்று எழுதிவிடும். சத்தியமாக அப்படித்தான் கேட்டது என்றுதான் நானும் நம்பினேன்.

நான் இதைத் திக்கித் திணறிச் சொன்னதும் மேடம் திட்டவில்லை. “பொய் எழுதலை தம்பி. காது கேக்கிறதுக்கு முன்னாடியே கை முடிவு பண்ணிருச்சு” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று மாலை டீ குடித்துக்கொண்டே அவர் சொன்ன உதாரணத்தை, இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன். சந்தையில் தராசு பிடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் ஒரு தடவை ஐம்பது கிராம் கூடும், ஒரு தடவை குறையும். வருஷம் முழுக்க அவரிடம் வாங்கினால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். இன்னொருவர் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு கிலோ வாங்கினாலும் நஷ்டம், நூறு கிலோ வாங்கினாலும் நஷ்டம். அதிகம் வாங்க வாங்க, நஷ்டம் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். முதலாவது தற்செயல் பிழை, இரண்டாவது சாய்வு. ‘பயஸ்’ என்று ஆய்வுக்காரர்கள் சொல்வது இந்தப் புளியைத்தான். ஆயிரம் பேருக்குப் பதில் ஒரு லட்சம் பேரை அளந்தோம் என்று மார்தட்டும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடுவது தட்டுக்கு அடியில்.

என் 138 ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற எபிடெமியாலஜிஸ்ட்டும் (மக்களிடையே நோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்பவர்) அவருடைய சகாக்களும் அளப்பவர்களின் கையை நம்ப முடியாது என்று 1964-லேயே ஒரு தனிக் கருவியை வெளியிட்டார்கள். பாதரசத் தண்டு அளப்பவர் கண்ணில் படாது. சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், எண்ணைப் பிறகுதான் பார்க்கலாம். 1970 வாக்கில் வந்த இன்னொன்று ‘ரேண்டம் ஜீரோ’. ஒவ்வொரு தடவையும் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் கருவியின் ஆரம்பப் புள்ளி வேறு எங்கோ போய் நிற்கும். அளந்து எழுதிய பிறகு அந்த ஆரம்பப் புள்ளியைப் பார்த்துக் கழிக்க வேண்டும். அதுவரை இது 140-க்கு மேலா கீழா என்று அளப்பவருக்கே தெரியாது. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியே வழக்கமான கருவியைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஒரு புளியை எடுக்கப் போய் இன்னொரு புளி.

எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை. மேடம் செய்தது சாதாரண ஏற்பாடு. எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, இரண்டு பேர் சேர்ந்து கேட்கிற இரட்டை ஸ்டெத் வைத்து ஒரே ஆளை ஒரே நேரத்தில் கேட்கச் சொன்னார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. முதல் நாள் 03 அக்காவுக்கும் எனக்கும் எட்டு, பத்து என்று வித்தியாசம் வந்தது. காரணம் காது இல்லை, திருகு. நான் காற்றை மடமடவென்று இறக்கிவிடுவேன். ஒரு நொடிக்கு ஒரு கோடு, அதாவது இரண்டு பாயின்ட் அளவுக்குத்தான் இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் முதல் சத்தம் வருவதற்குள் பாதரசம் கீழே போயிருக்கும். மேல் பிரஷர் குறைவாகவும் கீழ் பிரஷர் அதிகமாகவும் பதிவாகும். ஒரு வாரம் பழகிய பிறகு எங்கள் வித்தியாசம் இரண்டு நாலுக்குள் வந்தது.

திருகு மட்டும் இல்லை. ஒரு நாள் அக்கா என் கூடவே வந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். திண்ணையில் ஓர் அப்பத்தா. கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன், கை தொங்கிக்கொண்டிருந்தது. கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே “மகன் எங்க இருக்காரு அப்பத்தா?” என்று கேட்டேன். சும்மா, முகம் கொடுத்துப் பேச வேண்டுமே என்றுதான். அவர் மகன் திருப்பூர் போய்விட்டதையும் மருமகள் போன் எடுக்காததையும் சொல்ல ஆரம்பித்தார். 168. அக்கா எதுவும் சொல்லாமல் ஒரு நாற்காலி கேட்டு வாங்கினார். முதுகு சாய உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி பார்த்து, பக்கத்தில் ஒரு அரிசி மூட்டையை நிமிர்த்தி அதன் மேல் கையை நெஞ்சு மட்டத்துக்கு வைத்தார். “அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க அப்பத்தா, நாங்களும் பேசல” என்றார். தெருவில் ஒரு ஐஸ் வண்டி போனது. பிறகு அளந்தபோது 146.

கை தொங்கினால் ஏன் கூடுகிறது என்பது வெறும் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. நெஞ்சு மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் முக்கால் பாயின்ட் கூடும். பத்து சென்டிமீட்டர் என்றால் ஏழு, எட்டு. பேசினால் கூடும், கால் மேல் கால் போட்டால் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் கூடும். பட்டை சின்னதாக இருந்தால் நிறையவே கூடும். எங்களுக்குக் கொடுத்த பட்டை ஒரே அளவுதான். பருமனான கைக்கு அது சுற்றி வந்து ஒட்டவே மல்லுக்கட்டும். 2023-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டால் மேல் பிரஷர் ஏறக்குறைய 20 பாயின்ட் அதிகமாகக் காட்டியது. ‘குண்டாக இருப்பவர்களுக்குக் கொதிப்பு அதிகம்’ என்பது உண்மைதான். அந்த உண்மையில் எவ்வளவு பட்டையின் உபயம் என்று கேட்க வேண்டும்.

அளக்க வந்தவரைப் பார்த்தே ஏறுவது தனிக் கதை. 1983-இல் இத்தாலியில் மான்சியா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அளவியைப் பொருத்தித் தொடர்ந்து பதிவு செய்தார்கள். டாக்டர் உள்ளே வந்ததும் மேல் பிரஷர் சராசரியாக 27 பாயின்ட் வரை எகிறியது. நான் டாக்டர் இல்லை, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வருகிற பையன். அப்படியும் முதல் அளவு எப்போதும் உயரமாகத்தான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில் மூன்று தடவை அளந்து, முதலாவதை விட்டுவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது இதற்காகத்தான். வீட்டில் டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்கள் முதல் எண்ணைப் பார்த்துப் பதறுவதையும் நான் பார்த்திருக்கிறேன். பதறினால் இரண்டாவதும் ஏறும்.

சர்க்கரைக்கு வருகிறேன். இதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். முதல் நாளே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, காலை ஆறரைக்குப் போவோம். “ஒண்ணும் சாப்பிடலையே?” “இல்ல தம்பி.” வாசலில் டீ கிளாஸ் கவிழ்ந்து கிடக்கும், அடியில் சர்க்கரை கரையாமல் ஒட்டியிருக்கும், அதில் எறும்பு. “டீ?” “டீத்தண்ணி மட்டும்தான் தம்பி. அது சாப்பாடா?” அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. நான்தான் தப்பாகக் கேட்டேன். பிறகு கேள்வியை மாற்றினோம்: “எந்திரிச்சதுல இருந்து வாயில என்னென்ன பட்டுச்சு? டீ, காப்பி, பால், வெத்தலை, மாத்திரை, கஞ்சித்தண்ணி?” பாதிப் பேர் அப்போதுதான் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியைவிட ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்பது எவ்வளவு மேல் என்பது எனக்கு அந்த எறும்பு மொய்த்த கிளாஸில் விளங்கியது.

டீ குடித்தால் அளவு ஏறும். இறங்குவதற்கும் ஒரு வழி இருந்தது, அது எங்கள் பையிலேயே. குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன; அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடிக் குழாயில் ஃப்ளோரைடு போட்டிருக்கிறார்கள். ஆனால் ஃப்ளோரைடு போட்ட உடனே வேலை நின்றுவிடாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். ஐஸ் வேண்டும், சீக்கிரம் சுழற்றி அணுக்களைப் பிரிக்க வேண்டும். எங்கள் ஐஸ் பெட்டியில் ஐஸ் சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்கே தண்ணீர். பக்கத்து ஊரில் எடுத்த ரத்தம் முக்கால் மணி நேரத்தில் அலுவலகம் சேரும். மலையடிவாரக் குடியிருப்பில் எடுத்தது வர மூன்று மணி நேரம் ஆகும்.

இங்கேதான் விஷயம் வில்லங்கமாகிறது. முதல் சுற்றுக் கணக்கில் மலையடிவாரத்தில் சர்க்கரை நோய் குறைவாகத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: அங்கே ராகி சாப்பிடுகிறார்கள், நடக்கிறார்கள், மனசு நிம்மதி. நானே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். மேடம் கேட்டது ஒரே கேள்வி: “ரத்தம் எடுத்த நேரமும் பிரிச்ச நேரமும் எழுதியிருக்கீங்களா?” எழுதவில்லை. ராகியா ஐஸா என்று பிரித்துச் சொல்லவே வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு நேரத்தையும் எழுத ஆரம்பித்தோம். அழகான விளக்கம் தயாராக இருக்கும் முடிவைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் ஐஸ் பெட்டிதான் ஞாபகம் வரும். டீயால் ஏறியதும் தாமதத்தால் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். டீ குடித்தவர்கள் ஓர் ஊர், தாமதமான குழாய்கள் வேறு ஊர், எப்படி ஈடாகும்?

படிவத்தில் ‘புகையிலைப் பழக்கம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. பெண்கள் யாரைக் கேட்டாலும் இல்லை. சிலர் “ஏன் தம்பி, என்னைப் பாத்தா பீடி குடிக்கிறவ மாதிரியா இருக்கு?” என்று சண்டைக்கு வந்தார்கள். வாய் செக்கச் செவேல் என்று சிவந்திருக்கும். “வெத்தலை போடுவீங்களா?” “அது இல்லாம எப்படி?” “என்னென்ன வச்சுப் போடுவீங்க?” “பாக்கு, சுண்ணாம்பு, இத்துனூண்டு போயிலை.” அவர்களுக்குப் புகையிலைப் பழக்கம் என்றால் புகைப்பது. போயிலை, வெத்தலையோடு சேர்ந்தது.

இந்த ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதை மேடம் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். கற்பனைக் கணக்குதான். போயிலை போடுகிறவர்கள் 200 பேர், அவர்களில் 40 பேருக்கு ஒரு நோய். போடாதவர்கள் 200 பேர், அவர்களில் 20 பேருக்கு அதே நோய். 20 சதவீதம், 10 சதவீதம், இரண்டு மடங்கு. இப்போது போடுகிறவர்களில் பாதிப் பேர், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். ‘ஆம்’ பக்கம் 100 பேரில் 20 நோயாளிகள். ‘இல்லை’ பக்கம் 300 பேரில் 40 நோயாளிகள், அதாவது 13 சதவீதம் சொச்சம். இரண்டு மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. போயிலை அப்படி ஒன்றும் கெடுதல் இல்லை என்று ஆய்வே சொல்லிவிடும்.

அடுத்து இன்னொரு விதமாகப் போட்டார். நோய் வந்தவர்களை டாக்டர் ஏற்கெனவே “போயிலை போடுவியா?” என்று உலுக்கியிருப்பார். அவர்கள் 40 பேரும் ‘ஆம்’ என்று ஒப்புக்கொள்கிறார்கள். நோய் இல்லாத 160 பேரில் மட்டும் பாதி மறைக்கிறார்கள். ‘ஆம்’ பக்கம் 120 பேரில் 40, மூன்றில் ஒருவர். ‘இல்லை’ பக்கம் 280 பேரில் 20, ஏழு சதவீதம். இரண்டு மடங்கு இப்போது நாலரை மடங்கைத் தாண்டிவிட்டது. மறைத்தவர்கள் எண்ணிக்கை முன்னைவிடக் குறைவு. யார் மறைத்தார்கள் என்பது மாறியதால் முடிவு எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் பிடிக்க ஒரு அழகான வழியை டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-இல் காட்டியிருக்கிறார்கள். லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடமும் மற்ற நோயாளிகளிடமும் புகைப்பழக்கத்தைக் கேட்டு, 709 ஜோடிகளை ஒப்பிட்ட ஆய்வு. கேட்டவர்கள், புற்றுநோயாளி என்று தெரிந்ததால் துருவித் துருவிக் கேட்டு அதிகமாக எழுதியிருப்பார்களோ? அந்தச் சந்தேகத்துக்கு அவர்களிடமே விடை இருந்தது. புற்றுநோய் என்று நினைத்துப் பேட்டி எடுத்து, பிறகு புற்றுநோய் இல்லை என்று தெரியவந்த சிலர் இருந்தார்கள். அவர்களுடைய புகைப்பழக்கம் புற்றுநோயாளிகளைப் போல இல்லாமல் மற்றவர்களைப் போலவே இருந்தது. கேட்டவர்களின் கை சாய்ந்திருந்தால் அப்படி வந்திருக்காது.

நாங்கள் செய்தது அவ்வளவு நுட்பமில்லை. ‘போயிலை’ என்ற வார்த்தையைப் படிவத்தில் ஏற்றினோம். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கடைசியில் தனியாகக் கேட்டோம். ஆண்களிடம் சாராயம் பற்றிக் கேட்பது இன்னும் கஷ்டம். அதில் நாங்கள் ஜெயித்ததாகச் சொல்ல மாட்டேன்.

யாரை அளந்தோம் என்பதே கோணலாக இருந்தால் எப்படி அளந்தும் பயனில்லை. காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் இருப்பது வயசாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும். மற்றவர்கள் நூறு நாள் வேலை, காடு, அல்லது மில் வேன். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் நிறைய. வேன் விடியுமுன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். பூட்டின வீட்டை விட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை திரும்பிப் போக வேண்டும். பூட்டின வீட்டுக்காரரும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே மாதிரி ஆள் இல்லை என்பதுதான் காரணம். மில்லுக்கே போய் அளந்துவிடலாமே என்று நான் சொன்னேன். அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்குகிறவர்கள் வேலையை விட்டு நின்றுவிடுவார்கள்; உள்ளே இருப்பவர்கள் தாக்குப் பிடித்தவர்கள். அவர்களை மட்டும் அளந்தால் பஞ்சாலை உடம்புக்கு நல்லது என்று முடிவு வந்தாலும் வரும். தொழிலாளர் ஆய்வுகளில் இது பழைய தொல்லை.

வயது ஒரு சின்னத் தொல்லை, ஆனால் எல்லாவற்றையும் தொடும். யாரைக் கேட்டாலும் நாப்பது, நாப்பத்தஞ்சு, அம்பது. நடுவில் யாருமே பிறக்கவில்லை போலிருக்கும். வயதோடு பிரஷர் ஏறும் என்பதால் வயது தப்பினால் ஒப்பீடும் தப்பும். “எம்ஜிஆர் செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும், அது 1987 டிசம்பர். இன்னும் வயசானவர்களுக்கு அண்ணா இறந்த 1969, தனுஷ்கோடி அழிந்த 1964 புயல். மூன்றையும் வைத்து நெருக்கிக் கேட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் பிடித்துவிடலாம்.

தற்செயல் பிழை தானாக அடித்துப்போகும் என்று மேலே சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. ஊரின் சராசரியைச் சொல்வதற்கு அது அடித்துப்போகும். ‘பிரஷர் கூடினால் பக்கவாதம் எவ்வளவு கூடுகிறது’ என்று கேட்டால் அடித்துப்போகாது, உறவையே மழுக்கிவிடும். ஒரே நாள் அளவை வைத்து ஒருவரை ‘உயர்ந்தவர்’ என்று எழுதினால் அவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் உயர்ந்தவர்கள். அவர்கள் கலந்துவிடுவதால் வித்தியாசம் சிறுத்துத் தெரியும். 1990-இல் மெக்மஹோன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒன்பது ஆய்வுகளில் சுமார் 4,20,000 பேரின் தரவை எடுத்து இதைத் திருத்திப் பார்த்தபோது, பிரஷருக்கும் பக்கவாதம், மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு முன்பு நினைத்ததைவிட ஏறக்குறைய 60 சதவீதம் வலுவாக இருந்தது. இதை நான் தெரிந்துகொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை எல்லாரிடமும் தராசுக் கதையைப் பாதியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

கொரோனா காலத்தில் சொந்தக்காரர் குழுவில் ஒரு செய்தி சுற்றியது: கலிபோர்னியாவில் சாண்டா கிளாராவில் ரத்தம் சோதித்ததில் கணக்கில் வந்ததைவிடப் பல மடங்கு பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருக்கிறதாம். 2020 ஏப்ரல். 3,330 பேரைச் சோதித்ததில் 50 பேருக்குப் பாசிட்டிவ். பேப்பரை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். அந்தச் சோதனை, தொற்றே இல்லாதவர்களில் 100-க்கு ஒன்றரைப் பேரைத் தப்பாகப் பாசிட்டிவ் என்று காட்டினால் போதும்: 3,330-இல் 50. மொத்தமும் பொய்யாக இருக்க இடமுண்டு. ஆய்வாளர்கள் தங்கள் சோதனை அதைவிட நல்லது என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த மதிப்பீடு கொஞ்சம் ஆடினாலும் முடிவு ஆடும். அதோடு ஆட்களைப் ஃபேஸ்புக் விளம்பரம் மூலம் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் வந்து சந்தேகத்தில் இருப்பவர்தானே முந்திக்கொண்டு வருவார்? குழுவில் இதை எழுதினேன். மாமா ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

என் 138 வீடுகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே.

எழுதிய எண்ணைத் திருத்த முடியாது. 138 எழுதிய இடத்தில் உண்மையில் எத்தனை 142 என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வீடுகளில் ஒரு பகுதிக்கு மறுபடி போய் அளக்கச் சொன்னார்கள். அளப்பது 03 அக்கா. பழைய எண் என்ன என்று அவருக்குச் சொல்லக் கூடாது. வீடு காட்டுவது மட்டும் என் வேலை. டீக்கடை வைத்திருந்த ஓர் அண்ணன், முதல் தடவை எனக்கு வடை கொடுத்தவர், இந்தத் தடவை 164. அக்கா படிவத்தை எடுத்துச் சீட்டு எழுத ஆரம்பித்ததும் அவர் என்னைப் பார்த்தார். “போன மாசம் நல்லாருக்குன்னு தம்பிதானே சொல்லிட்டுப் போச்சு?” நான் கடைப் பலகையில் இருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கு ஏறியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் பிரஷர் ஏறி இறங்கத்தான் செய்யும். ஆனால் சராசரியைவிட உயரமாக அளந்தவர்களை மறுபடி அளந்தால் கூட்டமாகப் பார்க்கும்போது கொஞ்சம் இறங்குவதுதான் வழக்கம். என் வீடுகளில் ஏறியது.

ஆய்வு அறிக்கை ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. என் பெயர் நன்றிப் பக்கத்தில் மற்ற ஏழு பேரோடு இருந்தது. அம்மா அதைப் பக்கத்து வீட்டில் காட்டினார். நான் தேடியது ரத்தக் கொதிப்பு அட்டவணையை. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அளந்தவர் 07-இன் முதல் ஐந்து வார அளவுகளை நீக்கியும் தனியாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பக்கத்தில் இரண்டு சதவீதங்கள். நீக்கிய பிறகு வந்தது கொஞ்சம் கூடுதல்.